ஊருக்கே கையைக் கடிக்கும் காலத்தில் கவுன்சில் டாக்சி கட்டணத்தை ஏற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தில் வேலை போனவர்கள் பலர், கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. இந்த நேரத்தில் ஊர் கவுன்சில் டாக்சி கட்டணத்தை உயர்த்தப் போவதாக நோட்டீஸ் போட்டிருக்கிறது. இது நியாயமா, உண்மையில் குறைக்க வேண்டாமா, நாம் ஏதாவது செய்ய முடியுமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு நாள் குறைவு. முடியும். ஆட்சேபனை தெரிவிக்கச் சட்டம் தரச்சொல்லும் குறைந்தபட்ச அவகாசம் நோட்டீஸ் வெளியான நாளிலிருந்து 14 நாள். பல கவுன்சில்கள் அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே தேதியைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

மற்ற இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான். பொருளாதாரச் சரிவில் கட்டணத்தைக் குறைத்தால் பயணிக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் ஏற்றினால் ஓட்டுநருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஏற்றத்தைக் கட்டணப் பட்டியலின் எந்த வரியில் வைக்கிறார்கள், இதற்கு முன் கடைசியாக எப்போது பட்டியலைத் திறந்து பார்த்தார்கள் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், கவுன்சிலுக்கு எதன்மேல் அதிகாரம் இருக்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டு வகை வண்டிகள். ரேங்கில், அதாவது டாக்சி நிறுத்தத்தில், வரிசையாக நிற்பதும் தெருவில் கை காட்டினால் நிற்பதும் ஹாக்னி கேரேஜ் என்று சட்டம் அழைக்கும் டாக்சி. போனிலோ ஆப்பிலோ முன்கூட்டியே அழைக்க வேண்டியது மினிகேப். 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, முதல் வகைக்கு மட்டும்தான் கட்டணப் பட்டியல் போட கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. மினிகேப் என்ன வாங்குகிறது என்பதில் கவுன்சில் தலையிட முடியாது. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் வண்டி ஓட்டும் நம் ஆட்களில் ஏராளமானோர் மினிகேப்காரர்கள்தான். நீங்கள் பார்த்த நோட்டீஸ் அவர்களைத் தொடாது.

இன்னொன்று, பட்டியலில் இருப்பது உச்சவரம்பு. அதற்கு மேல் ஒரு பென்ஸும் கேட்கக் கூடாது, ஆனால் குறைத்து வாங்கத் தடையில்லை. 1847ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மீட்டரைவிடக் குறைவான தொகைக்கு ஓட்டுநர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு கூடுதலாகக் கேட்பது அந்தச் சட்டப்படி குற்றம். இது ஓட்டுநர்களுக்குத் தெரிந்த அளவுக்குப் பயணிகளுக்குத் தெரிவதில்லை.

சரி, சரிவு வந்தால் டாக்சித் தொழிலில் என்ன நடக்கிறது? மற்ற தொழில்களில் விற்பனை குறைந்தால் கடைகள் மூடும், போட்டி குறையும். இங்கே நேர்மாறு. தொழிற்சாலையிலும் கிடங்கிலும் வேலை போனவர்களுக்கு லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்டுவது சீக்கிரம் கைக்கு எட்டும் பிழைப்பு. பயணிகள் குறையும் அதே மாதங்களில் ரேங்கில் நிற்கும் வண்டிகள் கூடுகின்றன.

1930களின் பெருமந்தத்தில் நியூயார்க்கில் இது மிகக் கொடூரமாக நடந்தது. வேலையில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் டாக்சி ஓட்ட வந்தார்கள், நிறுவனங்கள் ஒன்றையொன்று அடித்துக் கட்டணத்தைக் குறைத்தன, ஓட்டுநர்கள் நாள் முழுக்க ஓட்டியும் வாடகைக்குக் கூடச் சம்பாதிக்க முடியவில்லை. 1934இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கடைசியில் 1937இல் ஹாஸ் சட்டம் என்ற நகரச் சட்டம் வண்டிகளின் எண்ணிக்கையையே சுமார் 13,500இல் பூட்டியது. அன்று ஒரு வண்டி உரிமத்துக்கு 10 டாலர். 2013-14 வாக்கில் அதே உரிமம் 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. எண்ணிக்கையைப் பூட்டினால் சரிவின் அடி தணியும், ஆனால் அதன் பலன் காலப்போக்கில் ஓட்டுபவரிடமிருந்து உரிமம் வைத்திருப்பவரிடம் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அயர்லாந்து எதிர்த் திசையில் போனது. 2000ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எண்ணிக்கைக் கட்டுப்பாடு நீங்கியது. உள்ளாட்சிகள் ஊருக்கு ஊர் போட்டுவந்த கட்டணத்துக்குப் பதிலாக 2006இல் நாடு முழுக்க ஒரே கட்டணம் வந்தது. 2008இல் வங்கிகள் சரிந்தபோது டப்ளின் ரேங்குகளில் வண்டிகள் குவிந்து கிடந்தன. 2010 முதல் சக்கர நாற்காலி ஏற வசதியுள்ள வண்டிகளுக்கு மட்டுமே புதிய உரிமம் என்று முடிவெடுக்க வேண்டிவந்தது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டப்படி, தேவை பூர்த்தியாகிவிட்டது என்று கவுன்சிலுக்கு நிச்சயமாகத் தெரிந்தால்தான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். பெரும்பாலான கவுன்சில்கள் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே சரிவு வரும்போது அவர்கள் கையில் மிஞ்சுவது கட்டணப் பட்டியல் ஒன்றுதான்.

அந்தப் பட்டியலால் எவ்வளவு முடியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒருவர் ஒரு ஷிப்டில் 16 சவாரி, சராசரி 8 பவுண்ட் என்றால் 128 பவுண்ட். சரிவில் சவாரி 12ஆகக் குறைகிறது, வரவு 96. கவுன்சில் 10 சதவீதம் ஏற்றுகிறது, சவாரிக்கு 8.80. ஒரு பயணியும் விலகாவிட்டால் 105.60 கிடைக்கும். ஒரே ஒருவர் விலகி 11 சவாரி ஆனால் 96.80. அதாவது 80 பென்ஸ் லாபம், அதற்கு ரேங்கில் இன்னும் கொஞ்சம் கூடுதல் காத்திருப்பு. இதற்குள் வரிசையில் புதிதாக இரண்டு வண்டிகள் சேர்ந்திருந்தால் அதுவும் போச்சு. குறைத்தாலும் இதே கதைதான்: 7.20க்கு இறக்கினால் பழைய 96ஐத் தொடவே 14 சவாரி வேண்டும். வேலை போன வீட்டில் டாக்சி என்பது மருத்துவமனைக்கும் கடைசிப் பேருந்து போன பின்னும் எடுக்கும் வண்டி. 80 பென்ஸ் குறைந்ததற்காக யாரும் கூடுதலாக இரண்டு முறை ஏறிவிட மாட்டார்கள்.

இதனால்தான் சரிவுக் காலங்களில் பல ஊர்களில் ஓட்டுநர் சங்கங்களே இப்போது ஏற்ற வேண்டாம் என்று கவுன்சிலிடம் சொல்லியிருக்கின்றன. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். மீட்டரைப் புதுக் கட்டணத்துக்கு மாற்றி முத்திரை வைப்பதற்கு ஒவ்வொரு ஓட்டுநரும் தன் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். போன் செய்தால் பத்து நிமிடத்தில் மினிகேப் வரும் ஊரில், உச்சவரம்பு கூடினால் ரேங்கில் இருப்பவன்தான் ஆளை இழப்பான். வண்டியைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு விடுபவர் ஏற்றம் கேட்பார், வாடகைக்கு எடுத்து இரவில் ஓட்டுபவர் வேண்டாம் என்பார். "டாக்சிக்காரர்கள் கேட்கிறார்கள்" என்று கவுன்சில் அறிக்கையில் ஒற்றை வரி இருந்தால், எந்த டாக்சிக்காரர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், கால தாமதம். என்னைக் கேட்டால் உச்சவரம்பு எவ்வளவு என்பதைவிட இதுதான் பெரிய கோளாறு. 2008ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூலையில் பிரிட்டனில் பெட்ரோல் லிட்டருக்கு 1.19 பவுண்டை எட்டியது. ஓட்டுநர்கள் கவுன்சில் வாசலில் நின்றார்கள், நியாயமாகவே. ஆனால் அதிகாரி அறிக்கை எழுத வேண்டும், கமிட்டி கூட வேண்டும், பத்திரிகையில் நோட்டீஸ் போட வேண்டும், 14 நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபனை வந்து அது திரும்பப் பெறப்படவில்லை என்றால், அதைப் பரிசீலித்து, முதலில் குறித்த தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வேறு தேதி குறிக்க வேண்டும். ஜூலையில் கேட்டது நடைமுறைக்கு வரும்போது ஆண்டே முடிந்துவிடும். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது, 2009 தொடங்கும்போது பெட்ரோல் 90 பென்ஸுக்கும் கீழே. இப்படி மாட்டிக்கொண்ட ஊரில், பெட்ரோல் விலைக்காகக் கேட்ட ஏற்றம் பெட்ரோல் மலிவான பிறகு, பயணிகளிடம் பணம் இல்லாத குளிர்காலத்தில் வந்து சேர்ந்தது. யாரும் தவறு செய்யவில்லை, ஆனாலும் பலன் எல்லோருக்கும் மோசம்.

இதைப் பார்த்துப் பயந்த கவுன்சில்கள் அடுத்த தவறைச் செய்தன: பட்டியலைத் தொடாமலே விட்டன. அடுத்த சில ஆண்டுகளில் காப்பீட்டுப் பிரீமியம் ஏறியது, 2011 ஜனவரியில் வாட் வரி 20 சதவீதமானது, 2012 வசந்தத்தில் பெட்ரோல் 1.40ஐத் தாண்டியது. ஆண்டுக்கணக்கில் அசையாத பட்டியல்களோடு பல ஊர்கள் 2022க்குள் நுழைந்தன. அந்த ஜூலைத் தொடக்கத்தில் பெட்ரோல் 1.91, டீசல் 1.99. அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதம், 41 ஆண்டுகளில் இல்லாத உயரம். கொரோனா காலத்தில் தொழிலை விட்டுப்போன ஓட்டுநர்கள் பலர் திரும்பவே இல்லை. அந்த முறை சிக்கல் வண்டிகள் குவிந்ததில் இல்லை, வண்டியே கிடைக்காததில். சிறு ஊர்களில் இரவு 11 மணிக்கு மேல் ரேங்கே வெறிச்சோடியது. அப்போது பத்தாண்டுப் பாக்கியை ஒரே மூச்சில் ஏற்றிய கவுன்சில்கள் மக்களிடம் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஆண்டுதோறும் 20 பென்ஸ் ஏற்றியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"குறைக்க வேண்டாமா" என்ற உங்கள் கேள்விக்கு 2022தான் என் பதில். உச்சவரம்பு செலவுக்குக் கீழே இறங்கும்போது முதலில் காணாமல் போவது நள்ளிரவு வண்டியும், சக்கர நாற்காலி ஏறும் வண்டியும். சக்கர நாற்காலி ஏறும் வண்டியின் விலை சாதாரணக் காரைவிட அதிகம். மாற்றுத்திறனாளிப் பயணியிடம் அதற்காகக் கூடுதலாக வாங்கக் கூடாது என்று சமத்துவச் சட்டம் சொல்கிறது, மிகச் சரியாகவே சொல்கிறது. அப்படியானால் அந்தச் செலவைப் பொதுக் கட்டணம்தான் தாங்க வேண்டும்.

இனி பட்டியலைத் திறந்து பார்ப்போம். கொஞ்சம் கஜக் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பட்டியல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: முதல் 880 கஜத்துக்கு 3 பவுண்ட், அதன்பின் ஒவ்வொரு 176 கஜத்துக்கும் (அல்லது அதன் பகுதிக்கும்) 20 பென்ஸ். ஒரு மைல் 1,760 கஜம். ஆகவே 1 மைலுக்கு 4 பவுண்ட், 2 மைலுக்கு 6, 5 மைலுக்கு 12.

கவுன்சில் ஆரம்பக் கட்டணத்தை மட்டும் 60 பென்ஸ் ஏற்றினால் 1 மைல் 4.60, 2 மைல் 6.60, 5 மைல் 12.60. அறிக்கையில் "2 மைலுக்கு 10 சதவீத உயர்வு" என்று எழுதுவார்கள். ஆனால் 1 மைல் போகிறவருக்கு அது 15 சதவீதம், 5 மைல் போகிறவருக்கு 5 சதவீதம். அந்த ஒரு மைல் யார்? சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பைகளோடு வீடு திரும்பும் கார் இல்லாத குடும்பம். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் முதியவர். பிரிட்டனில் டாக்சியை நம்பியிருப்பவர்களில் பெரும் பங்கு கார் இல்லாத வீடுகள்தான். சரிவில் முதலில் அடிபடுவதும் அதே வீடுகள்.

அதற்குப் பதிலாக ஆரம்பக் கட்டணத்தைத் தொடாமல், 20 பென்ஸ் விழும் தூரத்தை 176இலிருந்து 160 கஜமாகக் குறைத்தால்? 1 மைல் 4.20, 2 மைல் 6.40, 5 மைல் 13. குறுந்தூரத்துக்கு 5 சதவீதம், நெடுந்தூரத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல். ஓட்டுநருக்கும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது: தூரமாகப் போனால் திரும்பி வருவது பெரும்பாலும் காலி வண்டியில், அந்த எரிபொருளும் அவர் செலவு. காத்திருப்புக் கட்டணம் மூன்றாவது வழி. நெரிசலில் நிற்கும்போது 40 விநாடிக்கு 20 பென்ஸ் என்றால் மணிக்கு 18 பவுண்ட். நெரிசல் இல்லாத சிறு ஊரில் இதை ஏற்றினால் பயணிக்கு வலிக்காது, ஓட்டுநருக்கும் பெரிதாகக் கிடைக்காது. நெரிசல் நகரத்தில் கணக்கு வேறு. இரவுக் கட்டணம், ஞாயிறு, கிறிஸ்துமஸ் எல்லாம் தனித் தனி வரிகள். இரவு வண்டி கிடைக்காத ஊரில் இரவுக் கட்டணத்தை மட்டும் ஏற்றுவதை நான் ஆதரிப்பேன். போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதலும், தேவை அதிகமான நேரத்தில் கட்டணம் கூடுதலாக இருக்கலாம் என்றே சொல்லிவந்திருக்கிறது.

இவ்வளவு நுணுக்கம் இருந்தும் கவுன்சிலர்கள் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஒரே ஓர் எண். டாக்சித் தொழிலுக்கான ஒரு மாத இதழ், நாட்டின் எல்லாக் கவுன்சில்களையும் 2 மைல் கட்டணத்தை வைத்து வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. நம் ஊர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் கூட்டங்கள் ஏராளம். பக்கத்து ஊர் ஏற்றியது, நாமும் ஏற்றுவோம். அந்த ஊரில் வேலை எப்படி, பேருந்து எப்படி என்று யாரும் கேட்பதில்லை. அந்த எண்ணில் உங்கள் ஊரின் ஒரு மைல் பயணி தெரிவதே இல்லை.

இதைவிட நல்ல முறைகள் தீவுக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி 18 மாதத்துக்கு ஒருமுறை கட்டணத்தைப் பரிசீலித்தே ஆக வேண்டும். முடிவு பிடிக்காத டாக்சித் தொழிலினர் போக்குவரத்து ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். பரிசீலிப்பது என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பார்த்துவிட்டு அப்படியே விடலாம். ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது. இங்கிலாந்துச் சட்டத்தில் இந்த ஒரு கட்டாயம் இல்லாததுதான் பாதித் தொல்லைக்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். லண்டனில் கட்டணத்தை முடிவு செய்வது நகரின் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன். அங்கே 1980களிலிருந்தே வண்டி விலை, உதிரிபாகம், எரிபொருள், காப்பீடு, நாட்டின் சராசரிச் சம்பளம் எல்லாம் சேர்ந்த ஒரு செலவுக் குறியீடு இருக்கிறது. அதனால் வாதம் குறையும். ஆனால் குறியீடு செலவைத்தான் எண்ணுகிறது, குறைந்துபோன பயணிகளை எண்ணுவதில்லை. சரிவில் அதை மட்டும் நம்பி ஏற்றினால் மேலே போட்ட 80 பென்ஸ் கணக்கில் போய் நிற்க வேண்டியதுதான்.

எரிபொருள் விலைத் தாவலுக்கு வேறு வழி உண்டு. தூரம், நேரம் தவிர்ந்த மற்றக் கட்டணங்களையும் பட்டியலில் சேர்க்க 65ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பெட்ரோல் இந்த விலையைத் தாண்டினால் சவாரிக்கு இத்தனை பென்ஸ் கூடுதல், கீழே இறங்கினால் அது தானாக நீங்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். அப்படிச் செய்திருந்தால் 2008 ஜூலையின் விலைக்கு 2009 குளிர்காலத்தில் பணம் கட்ட வேண்டியிருந்திருக்காது.

இன்னொரு விஷயம், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. பல ஊர்களில் டாக்சித் தொழிலின் பெரிய வாடிக்கையாளரே உள்ளாட்சிதான். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஒப்பந்தங்கள் டாக்சிகளுக்கும் மினிகேப்களுக்கும் போகின்றன. அதன் விலை கட்டணப் பட்டியலில் வராது, டெண்டரில் முடிவாகும். சரிவில் வரவுசெலவு இறுகும்போது அந்த ஒப்பந்த விலையை நசுக்கிவிட்டு, ஓட்டுநரின் வருமானத்தை ஈடுகட்ட ரேங்கில் ஏறும் பாட்டியிடம் 60 பென்ஸ் கூடுதலாக வாங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் ஊரில் அப்படி நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் கடிதம். "கட்டணம் அதிகம், ஏற்றாதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அதைப் பரிசீலித்ததாகக் குறித்துவிட்டு அப்படியே நிறைவேற்றிவிடுவார்கள். பட்டியலைத் திருத்தங்களோடு அமல்படுத்தச் சட்டம் இடம் தருகிறது, ஆகவே திருத்தம் கேளுங்கள். கவுன்சில் அலுவலகத்தில் நோட்டீஸின் பிரதியை இலவசமாகப் பார்க்கலாம். பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து 1 மைல், 2 மைல், 5 மைலுக்கு நீங்களே கணக்குப் போடுங்கள். குறுந்தூரத்துக்கு ஏற்றம் கூடுதலாக விழுந்தால், ஆரம்பக் கட்டணத்தை விட்டுவிட்டு கஜத்தில் வைக்கச் சொல்லி, மூன்று தொகைகளையும் கடிதத்திலேயே எழுதுங்கள். கடைசித் திருத்தம் எந்த ஆண்டு, அடுத்த பரிசீலனை எப்போது என்று கேட்டு, ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதாகத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கடிதத்தை எழுத்தில், நோட்டீஸில் உள்ள முகவரிக்கு, அதில் குறித்த தேதிக்குள் அனுப்புங்கள். திரும்பப் பெறாத ஓர் ஆட்சேபனை இருந்தாலே போதும், அந்தத் தேதியில் பட்டியல் தானாக அமலுக்கு வர முடியாது. பல கவுன்சில்களில் லைசென்சிங் கமிட்டி பரிந்துரைக்கும், இறுதி முடிவு கவுன்சிலின் நிர்வாகக் குழுவான கேபினட்டில் நடக்கும். எந்தக் கூட்டத்துக்கு வருகிறது என்று விசாரித்து, உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ரேங்கில் நிற்கும் இரண்டு மூன்று ஓட்டுநர்களிடமும் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். கஜத்தில் ஏற்றுவதை அவர்களும் ஒப்புக்கொண்டால் சேர்ந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம்.